கபாலம் தேடியவனும் கணிகையின் உயிரும்

ஒரு மாலைக்கு ஒரு நாடகம் என்பதே இன்று நாம் பழகிப்போன வழக்கம். எனினும் இரண்டு சிறு நாடகங்களை அடுத்தடுத்து ஆடி, முதலாவது எழுப்பிய சிரிப்பு அவையில் அடங்குமுன்னரே இரண்டாவதைத் தொடங்கிவிடும் முறையும் உலகில் உண்டு. பாரிஸ் நகரத்தின் சிறியதோர் அரங்கான உஷெத்தில், இயொனெஸ்கோ எழுதிய இரண்டு ஓரங்க நாடகங்கள் 1957 ஆம் ஆண்டு தொடங்கிப் பல்லாயிரம் முறை இவ்வாறு இணைத்தே ஆடப்பட்டுள்ளன. முதல் நாடகத்தில் வயிறு குலுங்கச் சிரித்த அவை, இரண்டாம் நாடகத்திலும் சிரித்துக்கொண்டே சென்று, முடிவில் ஒரு கொலையைக் கண்டு திகைக்கிறது. நகையையும் நடுக்கத்தையும் ஒரே மாலையில் பரிமாறும் இவ்விருந்தை மேனாட்டார் புதிதாகக் கண்டதாக எண்ணுவோர் உளர். அவர்களை நாம் மாமண்டூருக்கு அழைத்துச் செல்ல விரும்புகிறோம்.

காஞ்சிபுரத்திற்கு அண்மையில் உள்ள மாமண்டூரில், பல்லவர் குடைந்த குகைக்கோயில் ஒன்றில், சிதைந்துபோன வடமொழிக் கல்வெட்டு ஒன்று உள்ளது. வரிகள் பல அழிந்துவிட்டன. அழியாது எஞ்சிய சொற்களிடையே இரண்டு நாடகங்களின் பெயர்கள் தென்படுகின்றன. ஒன்று மத்தவிலாசம், மற்றொன்று பகவதஜ்ஜுகம். இரண்டும் ஓரங்க நகை நாடகங்கள். வடமொழியார் 'பிரகசனம்' என்னும் வகையைச் சார்ந்தவை. முதலாவதை இயற்றியவன் 7 ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் காஞ்சியிலிருந்து ஆண்ட முதலாம் மகேந்திரவர்மன். இரண்டாவது போதாயனர் என்பவர் இயற்றியது என்பது ஒரு மரபு. அதுவும் மகேந்திரன் கைவண்ணமே என்று கருதுவோரும் உளர். எவருடையதாயினும், கல்லில் இரு பெயர்களும் ஒருங்கே நிற்பதால், இவற்றை இரட்டையராக எண்ணும் உரிமை நமக்கு உண்டு.

காஞ்சிபுரத்து அரசனின் நாடகத்தைப் பற்றிக் குன்னத்துகாலில் இருந்துகொண்டு எழுதுவானேன் என்று அன்பர்கள் வினவலாம். நெய்யாற்றின்கரை வட்டத்தின் கீழ்க்கோடியில், கேரளத்தின் எல்லைக்குள் அமைந்தது நம் ஊர். ரப்பர்த் தோட்டத்தையும் மரச்சீனி விளையையும் கடந்து சிறிது நடந்தால் கன்னியாகுமரி மாவட்டம். பளுகலுக்கும் பனச்சமூட்டுக்கும் சந்தைக்குப் போகிறவர்கள் ஒரு மாநிலம் விட்டு மற்றொரு மாநிலத்துக்குப் போவதாக நினைப்பதில்லை. ஒரே குடும்பத்தில் அண்ணன் வீட்டுக் குடும்ப அட்டை மலையாளத்திலும் தம்பி வீட்டு அட்டை தமிழிலும் இருக்கும். இத்தகைய எல்லையோரத்து வழிகளில்தான் அந்தக் காஞ்சிபுரத்துச் செல்வம் காக்கப்பட்டது. அது எவ்வாறு என்பதைப் பின்னர்ச் சொல்லுவோம். முதலில் நாடகங்களைப் பார்ப்போம்.

மத்தவிலாசத்தின் கதை மிகச் சிறியது. நாடகத்தை நடத்தும் சூத்திரதாரன், தான் இளையவள் ஒருத்தியை மணந்ததால் சினந்திருக்கும் மூத்த மனைவியைச் சமாதானப்படுத்துவதில் தொடங்குகிறது. அடுத்து, சத்தியசோமன் என்னும் கபாலி தன் துணைவி தேவசோமையுடன் தள்ளாடிக்கொண்டு காஞ்சித் தெருவில் வருகிறான். கள்ளுக்கடை அவன் கண்ணுக்கு வேள்விச்சாலையாகத் தோன்றுகிறது. குடிப்பதற்குக் கையை நீட்டும்போதுதான், பிச்சைப் பாத்திரமாகிய மண்டையோடு காணாமற்போனது தெரிகிறது. ஆபத்துக்குப் பாவமில்லை என்று மாட்டுக்கொம்பில் கள்ளை வாங்கிக்கொண்டாலும், அவன் கலக்கம் தணியவில்லை. கபாலம் இல்லாதவன் எப்படிக் கபாலி ஆவான்? பாத்திரம் போனதோடு பெயரும் போயிற்று, தவமும் போயிற்று.

கபாலத்தில் வறுத்த இறைச்சி இருந்தது. ஆகவே நாயாவது பௌத்த பிக்குவாவது கொண்டுபோயிருக்க வேண்டும் என்பது அவன் துணிபு. அவ்வேளையில் நாகசேனன் என்னும் பிக்கு, வணிகன் வீட்டு விருந்தை உண்டுவிட்டு, ஆடைக்குள் எதையோ மறைத்தவாறு வருகிறான். இத்தனை இன்பங்களுக்கு இசைந்த புத்தர் பெருமான் மதுவையும் மங்கையையும் மட்டும் விலக்கியிருப்பாரா, மூத்த பிக்குகள் அந்த ஏட்டை ஒளித்துவிட்டார்களா என்பது அவனுடைய மனக்குறை. கபாலி அவனை மறிக்கிறான். பிக்கு தன் திருவோட்டைக் காட்டினாலும் கபாலி நம்புவதாயில்லை. வழக்குத் தீர்க்க ஒரு பாசுபதன் வருகிறான். அவனுக்கும் தீர்வு தெரியவில்லை. நீதிமன்றத்துக்குப் போகலாம் என்கிறான். அதைக் கேட்ட தேவசோமை சொல்வதன் கருத்து இது: விகாரங்களின் செல்வமெல்லாம் கையிலுள்ள பிக்கு அதிகாரிகளின் வாயை அடைத்துவிடுவான், சாம்பலையன்றி வேறு செல்வம் இல்லாத நாம் அங்கே போய் என்ன செய்வது? இறுதியில் பித்தன் ஒருவன் கபாலத்தோடு வருகிறான். அதை அவன் ஒரு நாயிடமிருந்து பிடுங்கியிருக்கிறான். வழக்கு முடிகிறது. சற்றுமுன் அடித்துக்கொண்டவர்கள் நண்பர்களாகப் பிரிகிறார்கள்.

இதை எழுதியவன் அரசன் என்பதை எண்ணும்போது வியப்பு மிகுகிறது. தன் தலைநகரின் நீதிமன்றத்தில் கைக்கூலி நடமாடுகிறது என்று தன் நாடகத்துப் பாத்திரத்தையே சொல்லவைத்த மன்னர்கள் எத்தனை பேர்? அவன் வாழ்ந்த காலமும் அமைதிக் காலம் அன்று. சாளுக்கிய இரண்டாம் புலிகேசியின் 634 ஆம் ஆண்டு ஐகொளேக் கல்வெட்டு, அவன் படை எழுப்பிய புழுதியால் மறைந்து பல்லவ வேந்தன் காஞ்சி மதிலுக்குள் ஒடுங்கினான் என்று பெருமை பேசுகிறது. அவ்வேந்தன் மகேந்திரனே என்பது வரலாற்றாசிரியர் கருத்து. மதிலுக்கு வெளியே பகைவனின் புழுதியைக் கண்டவன், மதிலுக்கு உள்ளே ஓர் ஓட்டுக்காக இரண்டு துறவிகள் தெருவில் புரள்வதை எழுதியிருக்கிறான். எழுதியது போருக்கு முன்போ பின்போ, அவனுடைய சிரிப்பு கவலையற்றவனின் சிரிப்பாக நமக்குத் தோன்றவில்லை.

இனி இரண்டாவது நாடகம். ஒரு சோலையில் துறவி ஒருவர் தம் மாணவன் சாண்டில்யனுக்கு யோகத்தைப் போதிக்கிறார். மாணவனுக்கோ சோற்றின்மீதே நினைவு. உணவுக்காகவே முன்பு பௌத்த மடத்தில் சேர்ந்து, அங்கே ஒரு வேளைதான் சோறு என்றறிந்து விலகி வந்தவன் அவன். அச்சோலைக்கு வசந்தசேனை என்னும் கணிகை, தன் காதலன் இராமிலகனை எதிர்நோக்கித் தோழியருடன் வருகிறாள். அவளைப் பாம்பு தீண்டுகிறது. அந்தப் பாம்பின் பின்னே இருப்பவன் எமனுடைய ஏவலன். உயிரை எடுத்துக்கொண்டு அவன் போய்விடுகிறான். சாண்டில்யன் அழுகிறான். மாணவனுக்கு யோகத்தின் ஆற்றலைக் காட்டும் வாய்ப்பு இதுவென்று கருதிய துறவி, தம் உடலைக் கிடத்திவிட்டுக் கணிகையின் உடலுக்குள் புகுகிறார்.

செத்தவள் எழுந்து உட்காருகிறாள்; ஆனால் வேதாந்தம் பேசுகிறாள். பெற்ற தாய் தழுவ வந்தால் தொடாதே என்கிறாள். காதலன் கிட்டே வந்தால் அவனுக்கும் அதே மறுமொழி. நஞ்சிறக்க வந்த மருத்துவன் தன் அரைகுறைப் படிப்போடு அவளிடம் அகப்பட்டு விழிக்கிறான். இதற்கிடையே எமலோகத்தில் தவறு வெளியாகிறது. அழைத்துவர வேண்டிய வசந்தசேனை வேறொருத்தி, பெயர்தான் ஒன்று. ஏவலன் உயிரைத் திருப்பிக்கொண்டு ஓடிவருகிறான். உடலுக்குள் வேறொருவர் குடியிருப்பதைக் காண்கிறான். என் செய்வான்? கையிலுள்ள உயிரைக் காலியாகக் கிடக்கும் துறவியின் உடலில் தற்காலிகமாக வைத்துவிடுகிறான். காவியும் தண்டமும் தாங்கிய துறவி கண் விழித்து, இராமிலகன் எங்கே என்று கொஞ்சுகிறார். கடைசியில் உயிர்கள் தத்தம் உடல்களுக்கு மீள, நாடகம் முடிகிறது.

மத்திய அரசில் எழுத்தராகப் பணிபுரியும் நமக்கு அந்த எமன் ஏவலனிடம் தனிப்பட்ட பரிவு உண்டு. அவன் கொடியவன் அல்லன். பட்டியலில் கண்ட பெயரைச் சரிபார்த்தான், பெயர் ஒத்திருந்தது, ஆணையை நிறைவேற்றினான். மேலிடத்திலிருந்து திருத்தம் வந்ததும் அதையும் நிறைவேற்றினான். இடைப்பட்ட நேரத்தில் ஒருத்தி செத்துக் கிடந்தாள் என்பது கோப்பில் ஏறாத செய்தி.

இதைப் படித்தபோது பல ஆண்டுகளுக்கு முன் ஓர் அலுவலகத்தில் நாம் கண்ட காட்சி நினைவுக்கு வந்தது. எல்லைக்கு அப்பாலுள்ள ஒரு சிற்றூரிலிருந்து ஒரு முதியவள் வந்திருந்தாள். கணவர் இறந்தபின் குடும்ப ஓய்வூதியம் பெற்று வந்தவள். சில மாதங்களாகப் பணம் நின்றுவிட்டது. விசாரித்ததில், அவள் இறந்துவிட்டதாகத் தாள்களில் பதிவாகியிருந்தது. இறந்தவள் அதே பெயருடைய வேறொருத்தி. எல்லைக்கு இப்பால் பெயரோடு வீட்டுப் பெயரைச் சேர்ப்பர். அப்பால் தந்தையின் தலையெழுத்தைச் சேர்ப்பர். இரண்டையும் நீக்கிவிட்டுப் பார்த்தால் இருவரும் ஒருத்தியே. ஓய்வூதியம் பெறுவோர் ஆண்டுதோறும் நவம்பர் மாதத்தில் உயிரோடிருப்பதற்குச் சான்றிதழ் தர வேண்டும் என்பது விதி. அவள் நவம்பர் வரை காத்திராமல் தானே சான்றாக வந்து நின்றாள்.

"நான் செத்துப்போனேன்னு ஆரு மக்களே எழுதினா?" என்று அவள் கேட்டாள்.

அறையில் ஒருவர் சிரித்தார், பிறகு எல்லோருமே சிரித்தோம், கிழவியும் சிரித்தாள். பின்னர் அவள், இத்தனை மாதம் மருந்து வாங்கக் கடன் சொல்லிய கடையின் பெயரைச் சொன்னாள். சிரிப்பு நின்றது. கோப்புகள் திருந்தி, நிலுவையும் சேர்ந்து அவளுக்குப் பணம் கிடைக்க மேலும் சில வாரங்கள் ஆயின. அதுவரையில் அவள் உயிர் எந்த உடலில் வைக்கப்பட்டிருந்தது என்பதை எமன் ஏவலனே அறிவான்.

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் எட்டு மெய்ப்பாடுகளைச் சொல்லும்போது நகையை முதலில் வைத்தார். நகை பிறக்கும் இடங்கள் நான்கு: எள்ளல், இளமை, பேதைமை, மடமை. இந்நான்கும் இவ்விரு நாடகங்களிலும் உள்ளன என்பதைக் காட்ட ஆராய்ச்சி வேண்டியதில்லை. கபாலியை எள்ளி நகைக்கிறோம்; சாண்டில்யனின் இளமையைக் கண்டு நகைக்கிறோம்; மருத்துவனின் அறியாமையும் பிக்குவின் மடமையும் நகையே தருகின்றன. ஆனால் நாம் சொல்லவந்தது வேறு. அதே இயலில் அச்சம் பிறக்கும் இடங்களும் நான்கு என்று ஆசிரியர் கூறுகிறார்: அணங்கு, விலங்கு, கள்வர், இறை. இறை என்பது தம்மை ஆளும் தலைமை. இந்த நான்கையும் கையில் வைத்துக்கொண்டு இவ்விரு நாடகங்களையும் மீண்டும் படித்துப் பாருங்கள்.

கபாலத்தைக் கௌவியது நாய். கணிகையைத் தீண்டியது பாம்பு. இவை விலங்கு. பொருளைத் திருடியவன் எவன் என்னும் ஐயம் முதல் நாடகம் முழுவதும் ஓடுகிறது. இது கள்வர். நீதிமன்றம் என்ற பேச்சு எழுந்ததும் தேவசோமை நடுங்குகிறாளே, அது இறையச்சம். இரண்டாம் நாடகத்தில் உயிர் கவர வந்து நிற்பவனோ அணங்கின் வகையினன். ஆக, இம்மையில் மனிதன் அஞ்சத்தக்க நான்கும் இவ்விரண்டு சிறு நாடகங்களில் முறையாக அணிவகுத்து நிற்கின்றன. கண்ணீர் வரவேண்டிய இடமெல்லாம் சிரிப்பு வருகிறது. நகைக்கென்று தனியான பொருளை ஆசிரியர்கள் தேடவில்லை. அச்சத்தின் பொருளை எடுத்தே நகையைச் சமைத்திருக்கிறார்கள். நம் அலுவலகத்துக் கிழவியைக் கண்டு முதலில் சிரித்ததும் பிறகு அடங்கியதும் ஏன் என்பது நமக்கு இப்போதுதான் விளங்குகிறது.

இரண்டையும் அடுத்தடுத்து வைப்பதன் பயனும் இங்கே தெரியும். முதல் நாடகத்தில் தொலைந்தது ஓர் ஓடு. இரண்டாவதில் தொலைந்தது உயிர். ஓட்டைத் தொலைத்தவனைப் பார்த்து, 'ஒரு மண்டையோட்டுக்கு இத்தனை ஆர்ப்பாட்டமா' என்று சிரித்துப் பழகிய அவை, உயிரைத் தொலைத்தவளைப் பார்த்தும் அதே வேகத்தில் சிரிக்கத் தொடங்கிவிடுகிறது. பிறகு ஒரு கணம், எதைக் கண்டு சிரித்தோம் என்று தனக்குள் கேட்டுக்கொள்கிறது. அந்தக் கேள்வியை ஒரு நாடகம் மட்டும் தனித்து எழுப்பிவிட முடியாது.

இனி, இவை நமக்கு எஞ்சிய வரலாறு. எழுதப்பட்ட தமிழகத்தில் மாமண்டூர்க் கல்லில் பெயர்கள் மட்டுமே நின்றன. நாடகங்களைக் காத்தது மலையாள நாடு. அங்கே சாக்கியர் எனப்படும் குடியினர் கோயில்களை ஒட்டிய கூத்தம்பலங்களில், மிழாவு முழங்க, நங்கையார் துணையோடு கூடியாட்டம் என்னும் கலையை வழிவழியாக ஆடி வந்தனர். சாக்கியர் நமக்கு அயலார் அல்லர். செங்குட்டுவன் முன் கொட்டிச்சேதம் ஆடிய பறையூர்க் கூத்தச் சாக்கையனைச் சிலப்பதிகாரம் படித்தோர் அறிவர். மத்தவிலாசத்தை வழிபாடாகவே ஆடும் வழக்கமும் மலையாளக் கோயில்கள் சிலவற்றில் இருந்தது. கள்ளுண்டு தள்ளாடும் கபாலியைக் கண்டு சிரிப்பதும் கடவுளுக்கு ஒரு காணிக்கையே என்று கொண்டவர்களின் பெருமனத்தை என்னென்பது!

ஓலையில் இருந்தவற்றை அச்சில் ஏற்றியவர் மற்றொருவர். திருநெல்வேலிச் சீமையின் தருவையில் 1860 இல் பிறந்த கணபதி சாஸ்திரி, திருவனந்தபுரத்தில் பணிபுரிந்தவர். ஊர் ஊராகச் சுவடி தேடி அலைந்த அவருக்கு, பத்மநாபபுரத்தை அடுத்த மணலிக்கரை மடத்தில் மலையாள எழுத்தில் அமைந்த பழஞ்சுவடி ஒன்று கிடைத்தது. பெயரளவில் மட்டுமே உலகம் அறிந்திருந்த பாசனின் நாடகங்கள் அதில் இருப்பதை அவர் உணர்ந்தார். 1912 முதல் அவை திருவனந்தபுர வடமொழி நூல் வரிசையில் வெளிவந்தன. அதே வரிசையில் 1917 ஆம் ஆண்டு மத்தவிலாசத்தையும் அவரே பதிப்பித்தார். பகவதஜ்ஜுகம் 1925 ஆம் ஆண்டளவில் அச்சேறியது. 1965 இல் கேரள கலாமண்டலத்தில் கூடியாட்டத்திற்கெனத் தனித்துறை ஏற்பட்டது. பைங்குளம் இராமச் சாக்கியர் 1970களில் பகவதஜ்ஜுகத்தை மீண்டும் மேடைக்குக் கொண்டுவந்தார். 2001 ஆம் ஆண்டு யுனெஸ்கோ கூடியாட்டத்தை மனித குலத்தின் அருஞ்செல்வங்களுள் ஒன்றாக அறிவித்தது.

மணலிக்கரை இன்று கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ளது. திருவனந்தபுரம் கேரளத்தின் தலைநகர். இரண்டுக்கும் இடைப்பட்டது நம் குன்னத்துகால். காஞ்சியில் தமிழ்நிலத்து அரசன் வடமொழியில் எழுதியதை, மலையாளக் கூத்தர் ஆடிக் காத்தனர். மலையாள எழுத்தில் இருந்த ஓலையை நெல்லைத் தமிழர் கண்டெடுத்தார். இதில் யாருக்கு யார் கடன்பட்டவர் என்று கணக்கிடப் புகுந்தால் நம் அலுவலகத்துப் பேரேடுகள் போதா.

கணக்கிட முயன்ற காலமும் ஒன்று இருந்தது. திருவிதாங்கூரின் தமிழ்ப் பகுதிகள் சென்னை மாநிலத்தோடு சேரவேண்டும் என்ற போராட்டத்தில் கோரப்பட்ட வட்டங்களுள் நெய்யாற்றின்கரையும் ஒன்று. 1954 ஆகஸ்டு 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் மாய்ந்தன. 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் செங்கோட்டைப் பகுதியும் அப்பால் சென்றன; நெய்யாற்றின்கரை இப்பால் நின்றது. அந்நாளைய உயிர்ப்பலியை நாம் எளிதாகப் பேசிவிட மாட்டோம். நம் பாட்டனார் அதைச் சொல்லும்போது குரல் தாழ்ந்துவிடும். ஆனால் அதற்குப் பின் வந்த தலைமுறையில், இப்பக்கத்துத் தமிழ் வீடுகளில் ஒரு முறையீடு நிலைத்துவிட்டது: 'மலையாளம் நம் பிள்ளைகளின் தமிழைக் கொண்டுபோய்விட்டது' என்பது. அப்பக்கம் தங்கிப்போன மலையாள வீடுகளிலும் இதே முறையீடு, பெயர் மட்டும் மாறி, உண்டு.

சென்ற ஆண்டு ஒரு விடுமுறை நாளின் மாலையில், இவ்விரு நாடகங்களையும் நமக்குத் தெரிந்த தமிழில் சொல்லி வீட்டாருக்குப் படித்துக் காட்டினோம். தாயார் திண்ணையில் அமர்ந்து கருப்பட்டிக் காப்பி குடித்தவாறே கேட்டார். வடமொழி தெரியாதவர், நாடகம் என்றால் கோயில் கொடையில் பார்த்ததோடு சரி. பித்தன் வந்து கபாலத்தை நீட்டிய இடத்தில் அவர் சொன்னது இது: "பட்டி கொண்டுபோன சட்டிக்கு, அடுத்தாளெ பிடிச்சு உலுக்குதான் பாத்தியா மக்களே!"

அச்சொல்லை நம்மால் எளிதில் மறக்க முடியவில்லை. நம் வீடுகளில் தமிழ் ஏடு தொலைந்தது உண்மை. தாத்தா படித்த இராமாயணச் சுவடி இன்று எங்கே என்று கேட்டால் விடையில்லை. அடுத்த வீட்டு மலையாளி அதைக் கொண்டுபோகவில்லை. கரையானும் மழையும் கொண்டுபோயின. மாலையில் பிள்ளைகளோடு அமர்ந்து படிக்க நேரமின்மை கொண்டுபோயிற்று. பிக்குவின் ஆடையைப் பிடித்து உலுக்குவதில் ஒரு சுகம் இருக்கிறது. நாயைத் தேடி ஓடுவதில் களைப்புத்தான் இருக்கிறது. எல்லையின் இருபுறமும் நாம் சுகத்தையே தேர்ந்துகொண்டோம் என்று தோன்றுகிறது.

இரண்டாம் நாடகத்தைப் படித்தபோது பேச நேர்ந்தது மகள். மலையாளப் பள்ளியில் ஆறாம் வகுப்புப் படிக்கிறாள். தமிழ் எழுத்தைப் பாட்டியிடம் கற்றவள். துறவியின் உயிர் புகுந்த கணிகை வேதாந்தம் பேசும் இடத்தில் அவள் நிறுத்தச் சொன்னாள். "அப்பா, பேசுறது உடம்பா, உயிரா?" என்று கேட்டாள். நாடகத்தின்படி உயிர்தான் என்றோம். உடல் மாறினாலும் பேச்சு உயிரோடு போகிறது. அவள் சிறிது நேரம் எண்ணிவிட்டு, தான் கணக்குப் போடுவது மலையாளத்தில் என்றும், சாமி கும்பிடுவதும் பாட்டியிடம் சண்டை போடுவதும் தமிழில் என்றும் சொன்னாள். அப்படியானால் தனக்கு எந்த உயிர் என்பது அவள் ஐயம். பாட்டி சிரித்தார். நாமும் சிரித்தோம். சிரித்தபின் விடை சொல்ல வேண்டியிருந்தது. நாம் நெடுநேரம் தேடியும், 'இரண்டும் உன்னுடையவை' என்பதற்கு மேல் ஒன்றும் சொல்ல வரவில்லை. அவளுக்கு அது போதுமானதாக இருந்ததா என்பதை இன்னும் சில ஆண்டுகள் கழித்து அவளிடமே கேட்க வேண்டும்.

இம்மலரைக் கையில் எடுக்கும் குடும்பங்களில் பெரும்பாலானவை ஊர்விட்டு ஊர் வந்தவை. நம்முடைய எல்லை வீட்டுக்குப் பின்புறம் இருக்கிறது. அன்பர்களுடைய எல்லையோ வீட்டுக்குள்ளேயே, கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவில் ஓடுகிறது. வெளியில் ஒரு மொழி, உள்ளே ஒரு மொழி. அலுவலகத்தில் ஒருவர், ஊரிலிருந்து தொலைபேசி வந்தால் வேறொருவர். உடல் ஓரிடத்தும் உயிர் ஓரிடத்துமாக வாழும் இந்த நிலையைத் துயரமாக எழுதிய கட்டுரைகள் சங்க மலர்களில் ஏராளம். பகவதஜ்ஜுகம் அதையே 1300 ஆண்டுகளுக்கும் முன்னரே நகையாக எழுதியது. உயிர் இடம் மாறியதால் உலகம் அழிந்துவிடவில்லை. சிறிது நேரம் எல்லோரும் தடுமாறினர், அவ்வளவே. தடுமாறுபவரைக் கண்டு சிரிக்கலாம். ஆனால் தொடாதே என்று தள்ளப்பட்ட தாயையும் அந்நாடகத்தில் மறந்துவிடக் கூடாது. வேற்றுமொழியில் வேகமாகப் பேசும் பேரப்பிள்ளையின் முன் வாயடைத்து நிற்கும் பாட்டிகளை அன்பர்கள் தத்தம் இல்லங்களில் கண்டிருப்பர்.

ஆகவே ஒரு வேண்டுகோளுடன் முடிக்கிறோம். அடுத்த ஆண்டு விழாவில் பட்டிமன்றத்தோடு, ஒரு மாலையையேனும் இவ்விரு நாடகங்களுக்கு ஒதுக்குங்கள். பெருஞ்செலவு இல்லை. முதல் நாடகத்துக்கு ஒரு தெரு போதும். இரண்டாவதற்கு ஒரு மரம் போதும். பாத்திரங்கள் மிகச் சிலரே. எளிய தமிழில் மாற்றி எழுதிக்கொள்ளச் சங்கத்தில் ஆசிரியர்கள் இருப்பார்கள். கபாலியும் பிக்குவும் வாதிடும் பகுதியைப் பெரியவர்களுக்குக் கொடுங்கள். அவர்களுக்குப் பழக்கம் உண்டு. நாய் வேடத்துக்குச் சிறுவர்கள் போட்டியிடுவர். எமனின் ஏவலனாக நடிக்க அரசு ஊழியர் எவரேனும் முன்வந்தால் ஒப்பனையும் வேண்டியதில்லை. இரண்டையும் இதே வரிசையில், இடைவேளையின்றி ஆடுங்கள். ஆடி முடிந்ததும் உடனே நன்றியுரைக்குப் போய்விடாமல், குழந்தைகளைச் சற்றே பேசவிடுங்கள். அவர்கள் கேட்கப்போகும் கேள்விக்கு விடை நம்மிடம் இல்லாமற் போகலாம். கேட்பது தமிழில் கேட்கப்பட்டால், அந்த மாலை வீண்போகவில்லை என்று கொள்வோம்.